சினிமாவும் ஒரு படிப்புதான்

இது கொஞ்சம் நீளமான பதிவு. "டீச்சர் மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க" என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதியிருக்கலாம். அங்கே போட்டால் ஐந்து நிமிடத்தில் மேலே நாலு குட்மார்னிங் படம் வந்து விழுந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அணைக்கட்டு முனியப்பன் கோயிலில் எங்கள் பேரனுக்குக் காதுகுத்து. கெடா வெட்டி விருந்து. வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நடந்த பேச்சும் தெரியும். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். என் தம்பி மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மதிப்பெண். "அத்தை, நான் தரமணி ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டுக்கு அப்ளை பண்றேன், ஒளிப்பதிவு படிக்கப் போறேன்" என்று என்னிடம்தான் மெதுவாகச் சொன்னாள். பக்கத்து இலையில் இருந்தவர் காதில் விழுந்தது. அடுத்த பந்தி உட்காருவதற்குள் மொத்த மண்டபமும் பேச ஆரம்பித்துவிட்டது.

"பொம்பளைப் புள்ளைய சினிமாவுக்கா அனுப்புவ?" என்றார் ஒருவர். "படிச்சா சினிமா வரும்? மணிரத்னம் எந்த காலேஜுல படிச்சாரு?" என்றார் இன்னொருவர். என் தம்பி ஒன்றும் சொல்லவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கடைசியில் தலை நிமிராமல், "கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் சீட்டுக்குப் பேசியாச்சு. அட்வான்ஸும் குடுத்தாச்சு. பேச்ச விடுங்க" என்றான். அந்தப் பிள்ளை எழுந்து கை கழுவப் போய்விட்டாள். பாயசம் சாப்பிடவில்லை.

இவ்வளவு பேச்சும் நடக்கும்போது எங்களைச் சுற்றி மூன்று கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஒரு ட்ரோன் பறந்தது. காதுகுத்து வீடியோவுக்கு மட்டும் எங்கள் வீட்டில் கொடுத்தது 35 ஆயிரம் ரூபாய். கெடாவுக்கு ஆனதைவிட அதிகம். கேமரா வேண்டும், வீடியோ வேண்டும், ஸ்லோ மோஷனில் தாய்மாமன் நடந்து வர வேண்டும். ஆனால் அதைக் கற்றுக்கொள்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் மட்டும் குடும்ப மானம் போய்விடுகிறது. அந்த வீடியோ எடுத்த தம்பிகளுக்குக் கடைசிப் பந்தியில்தான் இலை போட்டோம். வறுவல் தீர்ந்திருந்தது.

முதலில் அந்த மணிரத்னம் கேள்விக்கு வருகிறேன். எல்லோரும் இதைத்தான் பிரம்மாஸ்திரம் மாதிரி எடுத்து வீசுகிறார்கள். மணிரத்னம் திரைப்படக் கல்லூரியில் படிக்கவில்லை, உண்மைதான். அவர் படித்தது மேலாண்மைப் படிப்பு. சத்யஜித் ராயும் படிக்கவில்லை. ஆனால் அவர்கள் பிறந்த வீட்டைப் பாருங்கள். ராயின் தாத்தா அச்சுத்தொழிலில் பெரிய பெயர் எடுத்தவர், அப்பா எழுத்தாளர். மணிரத்னத்தின் குடும்பம் சினிமாத் தொழிலிலேயே இருந்த குடும்பம். நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் திண்ணை எங்கே இருக்கிறது? மேச்சேரியிலும் கொளத்தூரிலும் பிறந்தவளுக்கு எந்தச் சித்தப்பா ஸ்டுடியோ வைத்திருக்கிறார்?

"உதவி இயக்குநரா சேர்ந்து கத்துக்கலாமே" என்பார்கள். கற்றுக்கொள்ளலாம். அப்படி வந்து பெரிய ஆளானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், யாரும் மறுக்கவில்லை. ஆனால் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் ஒரு அறைக்கு ஆறு பேர் படுத்து, சம்பளம் வருமா வராதா என்று தெரியாமல் ஏழெட்டு வருடம் காத்துக் கிடக்க யாரால் முடியும்? ஆண்பிள்ளையால் முடியலாம், அதுவும் வீட்டில் சோறு அனுப்ப ஆள் இருந்தால். பெண்பிள்ளையை அந்த அறைக்கு அனுப்புவீர்களா? மாட்டீர்கள். கல்லூரிக்கும் அனுப்ப மாட்டீர்கள், அந்த அறைக்கும் அனுப்ப மாட்டீர்கள் என்றால், "படிக்காமலே கத்துக்கலாம்" என்ற பேச்சுக்கு ஒரே அர்த்தம்தான். நீ கற்றுக்கொள்ளவே வேண்டாம் என்பது.

பி.ஆர். விஜயலட்சுமி என்ற பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? 1985இல் வந்த சின்ன வீடு படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். அந்தக் காலத்தில் ஒரு பெண் கேமராவுக்குப் பின்னால் நின்றது பெரிய அதிசயம். அவர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து கற்றார். ஆனால் அவர் இயக்குநர் பி.ஆர். பந்துலுவின் மகள். ஸ்டுடியோ கதவு அவருக்கு வீட்டுக் கதவு மாதிரி. அவர் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பந்துலு வீட்டில் பிறக்காத பெண்ணுக்கு எந்தக் கதவு என்றுதான் கேட்கிறேன். ஃபௌசியா ஃபாத்திமா என்ற ஒளிப்பதிவாளர், ரேவதி இயக்கிய 'மித்ர், மை ஃபிரண்ட்' படத்தை எடுத்தவர். அவர் புனே திரைப்படக் கல்லூரியில் படித்து வந்தவர். சினிமாக் குடும்பம் இல்லாத பெண்ணுக்குக் கல்லூரிதான் வாசல்.

இப்போது நம் சொந்த மண்ணுக்கு வாருங்கள். சினிமா என்றாலே சென்னை, கோடம்பாக்கம், கெட்டுப்போவது என்று பேசுகிற சேலம் ஜில்லாக்காரர்களே, ஏற்காடு போகும் வழியில் அந்தப் பழைய நுழைவு வளைவைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறோமே, அதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது என் அப்பா பஸ் ஜன்னல் வழியாகக் காட்டினார். "இங்கதான் அலிபாபா எடுத்தாங்க" என்றார். உள்ளே எம்.ஜி.ஆர். இருப்பார் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். இன்று அந்த வளைவு மட்டும் நிற்கிறது, உள்ளே வீடுகள்.

அதைக் கட்டியவர் டி.ஆர். சுந்தரம், திருச்செங்கோட்டுக்காரர். ஜவுளிக் குடும்பம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் நூற்பு, நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தார். படித்தது துணி, செய்தது சினிமா. ஆனால் அங்கே படித்ததை அவர் வீணாக்கவில்லை. ஒரு மில் எப்படி நடக்குமோ அப்படி ஸ்டுடியோவை நடத்தினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, ஃபிலிம் கழுவும் லேப் எல்லாம் ஒரே வளாகத்துக்குள். நடிகர்கள், தொழிலாளர்களுக்கு மாதச் சம்பளம். நேரத்துக்கு வராவிட்டால் யாராக இருந்தாலும் திட்டு. ஜெர்மனியிலிருந்து ஒளிப்பதிவுக்காரர்களை வரவழைத்தார். 1937இல் முதல் படம் சதி அகல்யா. 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலன் எடுத்ததும் நம் சேலம் கம்பெனிதான், மலையாளிகள் அல்ல. 1940இல் உத்தம புத்திரன், தமிழில் முதல் இரட்டை வேடம், பி.யு. சின்னப்பா. 1956இல் அலிபாபாவும் 40 திருடர்களும், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். நூறு படத்துக்கு மேல் எடுத்த கம்பெனி. இதில் கூலி வாங்கிச் சாப்பிட்ட தச்சர், பெயிண்டர், எலெக்ட்ரீஷியன், தையல்காரர் குடும்பங்கள் சேலத்தில் எத்தனை! அவர்கள் எல்லோரும் கெட்டா போனார்கள்?

அதே மாடர்ன் தியேட்டர்ஸில் 1950இல் மந்திரி குமாரி எடுத்தது யார்? எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்காக்காரர். தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். கூடப் படித்த மாணிக் லால் டாண்டன் என்ற நம் நாட்டுக்காரர் கூப்பிட்டார் என்று 1935இல் இந்தியா வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் பதினைந்து வருடம் இருந்தார். தமிழ் அவருக்கு வராது. ஆனால் எம்.ஜி.ஆரின் முதல் படமான சதி லீலாவதி அவர் இயக்கியது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் சகுந்தலை, மீரா இரண்டும் அவர் இயக்கியது. மொழி தெரியாதவர் எப்படித் தமிழ்ப்படம் எடுத்தார்? தொழில் தெரிந்திருந்தது. நாடகத்தை எதிரே நின்று அப்படியே படம்பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் கேமராவை நகர்த்தினார், முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அதை அவர் பரம்பரையாகக் கற்கவில்லை, வகுப்பில் கற்றார். படித்தா சினிமா வரும் என்று கேட்டவருக்கு, தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் படித்து வந்த ஒருவர் நம் ஏற்காடு அடிவாரத்திலேயே பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இனி இன்னொரு பக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிப் பொய் சொன்னவள் ஆவேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன், இப்போது லாரி ஓட்டுகிறான், சொந்த லாரி. பெயர் சொல்ல மாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த லாரியை விற்றுத் தன் மகனை ஒரு தனியார் சினிமாப் பள்ளியில் சேர்த்தான். பெயரில் 'இன்டர்நேஷனல்' இருந்தது. கட்டணம் 12 லட்சம், ஒரு வருடப் படிப்பு, முடிவில் வெளிநாட்டு முத்திரை போட்ட சான்றிதழ். விளம்பரப் புத்தகத்தில் பெரிய கிரேன், பெரிய கேமரா, சிரிக்கிற பிள்ளைகள். அந்தப் பையன் வந்து என்னிடம் சொன்னான்: "டீச்சர், வருஷம் பூரா நான் கேமராவத் தொட்டது ஒன்பது நாள். மீதி நாள் எல்லாம் ப்ரொஜெக்டர்ல இங்கிலீஷ் படம் போட்டுக் காட்டினாங்க." இப்போது ஒரு நகைக்கடைக்கு ரீல்ஸ் எடுக்கிறான். அவன் அப்பா இன்னொருத்தர் லாரியில் டிரைவர்.

இன்டர்நேஷனல் என்ற சொல்லை நம் ஊரில் எதற்கெல்லாம் ஒட்டுகிறார்கள் என்று சேலம் போகிற வழியில் பலகைகளைப் பாருங்கள். மூக்கு ஒழுகுகிற எல்கேஜி குழந்தைக்கும் இன்டர்நேஷனல்தான். உண்மையிலேயே அந்தப் பெயருக்குப் பொருத்தமான சினிமாப் பள்ளிகள் உலகத்தில் இருக்கின்றன. கியூபாவில் சான் அந்தோனியோ என்ற சிற்றூரில் 1986இல் ஒன்று திறந்தார்கள். நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று ஏழை நாட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்துத் தொடங்கிய பள்ளி. போலந்தில் வுட்ஜ் நகரத்துப் பள்ளியிலிருந்து வாய்தா, போலான்ஸ்கி, கீஸ்லோவ்ஸ்கி என்று வரிசையாக வந்தார்கள். மாஸ்கோவில் 1919இல் தொடங்கியதுதான் உலகத்திலேயே பழைய சினிமாப் பள்ளி. அங்கே குலெஷோவ் என்று ஒரு ஆசிரியர். புரட்சி முடிந்த பஞ்சகாலம், படம் எடுக்க ஃபிலிம் கிடைக்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஃபிலிம் இல்லாமலேயே மாணவர்களை வைத்துக் காட்சி காட்சியாக நடிக்கவைத்து, ஷாட் பிரித்து, ஃபிலிம் இல்லாத படம் எடுத்துப் பழக்கினார். இது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி. சாக்பீஸ் வராத மாதத்தில் நாங்கள் புளியங்கொட்டையை வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தோமே, அந்த ஜாதி.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி டிப்ளமாதான். ஆனால் செய்முறைப் படிப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த இரண்டு வருடத்தில் கல்வி உளவியல் நோட்டு, கற்பித்தல் முறைகள் நோட்டு எல்லாம் பக்கம் பக்கமாக எழுதினேன். ஒன்றும் நினைவில்லை. டீச்சிங் பிராக்டீஸ் என்று ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள் பாருங்கள், அதுதான் என்னை டீச்சர் ஆக்கியது. நாற்பத்தைந்து பிள்ளைகள் முன்னால் நிற்கிறேன், கை நடுங்குகிறது, கரும்பலகையில் எழுத்து மேலே ஏறிக்கொண்டே போகிறது. கடைசி பெஞ்சில் எங்கள் பயிற்சி ஆசிரியை உட்கார்ந்து குறிப்பு எழுதுகிறார். மணி அடித்ததும் கூப்பிட்டு, "பலகையைப் பார்த்தே பேசறியே, பிள்ளைங்க அங்கயா இருக்காங்க?" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஒரு வரியில்தான் பிழைத்தேன்.

அதனால் எந்த சினிமாப் பள்ளி என்றாலும், இன்டர்நேஷனலோ இல்லையோ, பெற்றோர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். என் பிள்ளை எத்தனை நாள் கேமராவுக்கும் எடிட்டிங் மேசைக்கும் முன்னால் தானே உட்காரும்? கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துத் திருத்தப் போவது யார், அவர் கடைசியாக எப்போது வேலை செய்தார்? இதற்கு நேரான பதில் வராத இடத்தில் கிரேனைக் காட்டினாலும் ஹெலிகாப்டரைக் காட்டினாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒருகாலத்தில் பணக்கார நிறுவனத்தால்தான் இதைக் கற்றுத்தர முடியும். ஆயிரம் அடி ஃபிலிம் ரோல் ஒன்று ஓடினால் பதினோரு நிமிடம், அவ்வளவுதான். தப்பு செய்தால் காசு கரையும். இப்போது தப்பு செய்வது இலவசம். ஒரு பிள்ளை போனிலேயே நூறு முறை தப்பாக எடுத்து நூற்றியோராவது முறை சரியாக எடுக்கலாம். கல்லூரிக்குப் பணம் கட்டுவது கருவிக்காக அல்ல, திருத்தும் ஆளுக்காக.

என் தம்பிக்கு நான் சொல்வது இதுதான். உன் மகள் 12 லட்சம் கேட்கவில்லை. வெளிநாடு கேட்கவில்லை. அவள் கேட்பது அரசாங்கக் கல்லூரி. 1945இல் தொடங்கி, அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் என்று பெயர் வாங்கி, இப்போது தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் நடக்கிறது. நாலு வருடம், பல்கலைக்கழகப் பட்டம். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங், இயக்கம், அனிமேஷன் என்று தனித்தனிப் பிரிவு. நீ கோயம்புத்தூரில் கொடுத்த அட்வான்ஸோடு ஒப்பிட்டால் அங்கே கட்டணம் ஒன்றுமே இல்லை. நாயகன் படத்துக்கு ஒளிப்பதிவு செய்து தேசிய விருது வாங்கிய பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர். 1986இல் ஊமை விழிகள் வந்ததே, நீயும் நானும் அம்மாவுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தோமே, அது அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து எடுத்த படம். உனக்கு அது மறந்துபோச்சா?

அரசாங்கச் செலவில் ஒருவர் படித்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. இலங்கையில் மட்டக்களப்புப் பக்கத்தில் பிறந்த ஒருவர் புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். 1969இல் தங்கப்பதக்கத்தோடு வெளியே வந்தார். பாலு மகேந்திரா. அவரிடம் தொழில் கற்றவர்கள் பாலா, ராம், வெற்றிமாறன், சீனு ராமசாமி. கடைசிக் காலத்தில் சினிமாப் பட்டறை என்று வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் சீடர் வெற்றிமாறன் இப்போது சென்னையில் பன்னாட்டுத் திரை பண்பாட்டு ஆய்வகம் தொடங்கி, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சினிமா கற்றுத்தருகிறார். அங்கேயும் பெயரில் பன்னாடு இருக்கிறது, ஆனால் லாரி விற்க வேண்டியதில்லை. என் மருமகளுக்கு அங்கே இடமில்லை, ஏனென்றால் அவள் அப்பன் பி.காம். அது நியாயம்தான். என்னிடம் படித்த பிள்ளைகளில் பலர் வீட்டில் இந்தத் தகுதியோடு மகனோ மகளோ இருப்பார்கள். டிகிரி முடித்திருந்தால் விசாரியுங்கள். அதற்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

"வேலை கிடைக்குமா?" என்று கேட்பாய். தம்பி, இந்தக் கேள்வி நியாயமானது, மற்றவர்கள் கேட்டதுபோல் வெட்டிக் கேள்வி இல்லை. உறுதியாகச் சொல்ல முடியாது. படித்த எல்லோருக்கும் படம் கிடைக்காது. சிலர் டிவி சேனலில், சிலர் விளம்பரத்தில், சிலர் கிராஃபிக்ஸ் கம்பெனியில். சிலருக்கு ஒன்றும் சரியாக அமையாது. கேரளத்தில் ஒரு ஏழைக் கிராமத்துப் பையன் ரசூல் பூக்குட்டி புனேயில் ஒலிப்பதிவு படித்து 2009இல் ஆஸ்கர் வாங்கினார் என்று நான் சொன்னால், அது ஒருவர் கதை, எல்லோர் கதையும் அல்ல என்று நீ சொல்வாய். சரிதான். ஆனால் நம் தெருவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள் என்று நீயே விரல்விட்டு எண்ணு. இரண்டும் நிச்சயமில்லை என்றால், பிள்ளைக்குப் பிடித்த நிச்சயமின்மையைக் கொடு. அதுவும் மலிவானது.

இனி, எழுதத் தயங்கிக்கொண்டே இருந்த விஷயம்.

1996இல் ஒரு பையன் என் வீட்டுக்கு வந்தான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், அப்போது பிளஸ் டூ முடித்திருந்தான். சின்ன வயதிலேயே தீப்பெட்டியில் ஓட்டை போட்டு, பூதக்கண்ணாடி வைத்து, சுவரில் படம் காட்டுவான். கையில் அடையாறு இன்ஸ்டிட்யூட் விண்ணப்பம். "டீச்சர், நேர்முகத்துக்குக் கூப்பிட்டா மெட்ராஸ் போகணும். அப்பாகிட்ட நீங்க சொன்னா விடுவாரு" என்றான். நான் சொன்னேன். என்ன சொன்னேன் தெரியுமா? அன்று சாயங்காலமே அவன் அப்பாவைப் பார்த்து, "பையன் சினிமாக் கிறுக்குல கெட்டுப்போறான், ஐடிஐயில போடுங்க" என்று சொன்னேன். டீச்சர் சொன்னால் வேதவாக்கு அல்லவா. விண்ணப்பத்தை அவர் அடுப்பில் போட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நல்லது செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். பல வருடம் அப்படியே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து வீடியோ எடுத்தது அவன்தான். ஃபிட்டர் படித்து, நாலு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்து, ஒன்றும் நிலைக்காமல், கடைசியில் மேச்சேரியில் ஸ்டுடியோ வைத்தான். எங்கள் பந்திப் பேச்சு முழுவதையும் கேமரா ஓடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எல்லாம் முடிந்து ஸ்டாண்டை மடக்கும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். "சாப்பிட்டியா கண்ணு?" என்றுதான் கேட்க வந்தது. அவன் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. "டீச்சர், அந்தப் பாப்பாவ அனுப்பச் சொல்லுங்க. அப்ளிகேஷனுக்குக் கடைசித் தேதி இருக்கும், அதப் பாருங்க மொதல்ல" என்றான். அவ்வளவுதான். ட்ரோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டான்.

கண்ணு, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். என் பதிவுக்கெல்லாம் முதல் லைக் உன்னுடையதாகத்தான் இருக்கும். அன்று உன் அப்பாவிடம் அப்படிப் பேசியது தப்பு. எனக்கு சினிமா தெரியாது, உன்னையும் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் பேசினேன். என்னை மன்னித்துக்கொள். இதை உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். அன்று உன் வாழ்க்கையை நாலு பேர் நடுவில்தான் தீர்மானித்தோம், அதனால் நாலு பேர் நடுவிலேயே சொல்கிறேன்.

தம்பி, உனக்கு. இன்று இரவு போன் செய்வேன், எடு. நாளைக் காலை எட்டு மணிக்கு நான் உன் மகளைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போகிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டும் எடுக்க வேண்டும், உன் ஆதார் நகல் வேண்டும், கொடுத்து அனுப்பு. சீட் கிடைக்காமல் போகலாம், தேர்வு கடினம் என்கிறார்கள். கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர் இருக்கவே இருக்கிறது, அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் விண்ணப்பம் போகும். இந்த முறை அடுப்புக்குப் போகாது.

மேச்சேரித் தம்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை உன் ஸ்டுடியோவுக்கு அனுப்பலாமா? வேலை இருக்கிற நாளில் லைட் பிடிக்கட்டும், ஒயர் சுற்றட்டும். தப்பு செய்தால் திட்டு. பதில் கமெண்டில் வேண்டாம், வீட்டுக்கு வந்து சொல். வறுவல் எடுத்து வைக்கிறேன்.